பக்கத்து வீட்டு மூச்சும் என் காடியும்

மின்சாரக் காடி வாங்கியதில் எனக்கு ஒரே ஒரு எதிரிதான் கிடைத்தார். பக்கத்து வீட்டு அண்ணன்.

கோப்பெங் பக்கம், ரப்பர் காட்டை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். நான் தினமும் அந்தக் காரை ஈப்போவுக்கு ஓட்டிப் போய் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் உட்காருகிறவள். அண்ணன் லாரி ஓட்டி ஓய்ந்தவர். நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடு, ஆக்ஸிஜன் மிஷினுக்குப் பக்கத்திலேயே பொழுதைக் கழிக்கிறார். மின் அழுத்தம் குறைந்தால் அந்த மிஷின் கத்தும்.

நான் வீட்டுக்கு வந்து வாசல் பிளக்கில் காடியை மாட்டும் நேரமும் அது கத்தும் நேரமும் ஒன்றாக இருந்தது. முதலில் அண்ணனின் மனைவி, அக்கா, இடைச்சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "அண்ணனுக்குப் பயமா இருக்குலா தங்கச்சி, ஒயர கொஞ்சம் எடுத்திடேன்." எடுத்தேன். நான் மாட்டாத ஒரு மாலையிலும் மிஷின் கத்தியது. அதை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்த முறை அண்ணனே குரல் கொடுத்தார்.

"ஒன் காடி குடிக்கிறது என் மூச்சுலா!"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஒங்க வீட்டு ரெண்டு ஏசிய மொதல்ல அடைங்கண்ணே, அப்புறம் என் காடியப் பேசலாம்" என்றேன். அதோடு பேச்சு நின்றது. கிறிஸ்துமஸுக்கு வழக்கமாகச் சுவர் தாண்டி வரும் கேக்கும் வரவில்லை. ஒரு துண்டு கேக்குக்காகவா என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கு அது வலித்தது.

வீம்புக்குத்தான் மின்சாரக் கம்பெனியில் சுவர் சார்ஜருக்கு விண்ணப்பித்தேன். விரட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒரு மலாய்க்கார இளம்பெண் அதிகாரி இரண்டு ஆட்களோடு வந்தார். என் வீட்டைப் பார்த்த நேரத்தைவிடத் தெருவைப் பார்த்த நேரம்தான் அதிகம். எந்த வீட்டில் எத்தனை ஏசி, வேறு யாருக்கு இந்த மாதிரிக் காடி வாங்கும் எண்ணம் என்றெல்லாம் விசாரித்தார். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ஓர் அளவுக்கருவியை மாட்டி, சில நாள் விட்டுவைத்து எடுத்துப் போனார்கள்.

விஷயம் இதுதான். மூன்று மின்கம்பிகளில் ஒன்றின் தலையிலேயே எங்கள் வரிசை முழுக்க விழுந்திருந்தது. டிரான்ஸ்ஃபார்மரும், அடுப்படியைப் பின்னால் இழுத்துக் கட்டாத, ஏசியும் ஹீட்டரும் இல்லாத காலத்து வீடுகளுக்காக வைத்தது. ஏற்கெனவே நிரம்பி வழிந்த பஸ்ஸில் கடைசியாக ஏறியது என் காடி. சில வீடுகளை மற்றக் கம்பிகளுக்கு மாற்றிப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைக்கப் போவதாக அதிகாரி சொன்னார். தெருவில் இன்னும் இரண்டு பேர் மின்சாரக் காடிக்குப் பதிந்திருந்தார்கள். ஒவ்வொரு காடிக்கும் ஒரு தடவை வந்து நிற்பதைவிட இப்போதே செய்துவிடுவது நல்லது என்றார். ஊர் அடங்கியபின் சார்ஜ் ஆகும்படி காடியில் நேரம் வைத்துக்கொள்ளச் சொன்னார். அது எனக்குச் சிரமமில்லை.

சிரமம் வேறிடத்தில் வந்தது. வேலை நடக்கும் நாளில் காலையிலிருந்து சாயந்திரம் வரை தெருவுக்கே மின்சாரம் கிடையாது. அண்ணனிடம் இருந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் மத்தியானம் வரைதான் தாங்கும். ஜெனரேட்டர் அனுப்ப முயற்சி செய்கிறேன், உறுதி சொல்ல முடியாது, ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளலாம் என்றார் அதிகாரி. அண்ணன் அசையவில்லை.

"அங்க போன என் தம்பி நடந்துதான் போனான். திரும்பி வரல. நான் போகமாட்டேன்."

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் காடியிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்க ஒரு பிளக் உண்டு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் அதை வைத்துத்தான் டீத் தண்ணீர் கொதிக்க வைத்தோம். அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். உள்ளேயிருந்து, "அந்தக் காடியா?" என்று மட்டும் சத்தம் வந்தது. மறுப்பு வரவில்லை. மிஷின் விற்றவரிடமும் அதிகாரியிடமும் கேட்டு உறுதிசெய்துகொண்டு, முந்தின நாளே காடியில் மாட்டி மிஷினை ஓட்டியும் பார்த்தோம்.

அன்று லீவு போட்டேன். என் காடியிலிருந்து சுவர் தாண்டி ஒயர் போனது. சிலிண்டரையும் பக்கத்திலேயே வைத்திருந்தோம். தெருமுனையில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் இறங்க, அண்ணன் நாற்காலியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நானும் பயந்துதான் இருந்தேன், வெளியே காட்டவில்லை.

"இன்னும் எத்தன பர்சென்ட்டு?"

"நெறைய இருக்குண்ணே."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே கேள்வி. இத்தனை நாள் அவர் திட்டிய பேட்டரியை என்னைவிடக் கவலையோடு விசாரித்தார். அக்கா சோறு போட்டுச் சுவர் வழியாகக் கொடுத்தார்.

சாயந்திரம் மின்சாரம் வந்தது. மிஷினை வீட்டு பிளக்குக்கு மாற்றினோம். ஒயரைச் சுருட்டிவிட்டு, களைப்பில் காடியைச் சார்ஜில் போடாமலே உள்ளே போய்ப் படுத்தேன். கண் சொருகும்போது வாசலில் சத்தம். குழாய் எட்டுகிற தூரம் வரை வந்து, இடைச்சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணன் நின்றிருந்தார்.

"தங்கச்சி, ரெண்டு ஏசியும் அடைச்சிட்டேன்லா. மொதல்ல காடிக்குப் போடு."

பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வந்தாயிற்று, எதையும் அடைக்க வேண்டியதில்லை என்று இருவருக்கும் தெரியும். நான் போய் மாட்டினேன். ஒயர் சரியாக உட்காரும் வரை அவர் அங்கேயே நின்றார்.