பொரியிட வந்த குவார்ட்டர்பேக்

டெக்ஸஸில் எங்கள் ஊர் சுகர் லேண்ட். அங்கே ஸ்ரீநிவாசன் எந்த விருந்துக்குப் போனாலும் ஒரு கதை சொல்வார். "அக்கா கல்யாணத்துக்காக என் பிள்ளை ஃபுட்பாலையே விட்டான்!" கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்து வீட்டுக்காரன் நான். எல்லாம் கண்ணால் பார்த்தவன்.

பிள்ளை சிவராமகிருஷ்ணன், நாலு வயதில் டெக்ஸஸ் வந்தவன். முழுப் பெயர் பனியனில் அடங்காது என்று கல்லூரி அணியில் வெறும் சிவா. அங்கே அவன் குவார்ட்டர்பேக். அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் கையால் எறிந்து ஆட்டத்தையே நடத்துகிற ஆள். ஆனால் அந்த இடம் ஒருவனுக்குத்தான். சிவா இரண்டாமவன். முதல் ஆளுக்கு அடிபட்டால்தான் இவனுக்கு இலை போடுவார்கள். மூன்று வருஷம் அந்தத் தடியனுக்கு ஒரு ஜலதோஷம் கூடப் பிடிக்கவில்லை. சிவா கோட்டுக்கு வெளியே நின்று கைஜாடை காட்டிவிட்டு, அழுக்காகாத பனியனோடு திரும்புவான். துவைக்கிற வேலை மிச்சம் என்பாள் அவன் அம்மா பர்வதம் மாமி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு, கல்லூரியில் அவனுக்குக் கடைசி வருஷம். அக்கா மைதிலிக்குக் கார்த்திகையில் முகூர்த்தம் குறித்தார்கள். சனிக்கிழமை. அன்றுதான் கடைசி ஆட்டமும்.

"அன்னிக்கு கேம் இருக்குப்பா."

"நீ எப்படியும் பெஞ்சுலதானே உக்காந்துண்டிருக்கே! இங்க வந்து பொரி போடு."

எங்கள் கல்யாணங்களில் மணப்பெண் கையில் சகோதரன் பொரி அள்ளிப் போட, அவள் அதை அக்னியில் சேர்ப்பாள். அதற்குத்தான் சிவா.

கல்யாணத்துக்கு முந்தின வார ஆட்டத்தில் முதல் ஆளுக்கு முழங்கால் போயிற்று. கோச்சே வீட்டுக்கு போன் பண்ணினார். கடைசி ஆட்டத்தில் சிவாதான் முதல் ஆளாக இறங்க வேண்டும் என்றார்.

"ஐ ஆம் ஸ்டார்ட்டிங், அப்பா! ஒரே ஒரு கேம். பொரிய நியூ ஜெர்ஸி கஸின் போடட்டுமே."

மாமி பொங்கினாள். "கூடப்பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கச்சே யாரோ போடறதா? மைதிலி நன்னா இருக்க வேண்டாமா?"

சிவா மறுபடி போனை எடுத்தான். கோச்சிடம் வர முடியாது என்று சொல்லிவிட்டான்.

கல்யாணத்தன்று சாஸ்திரிகள் ஃப்ரீவே நெரிசலில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்து சேர்ந்தார். வாடகை ஹாலை மூன்று மணிக்குக் காலி பண்ண வேண்டும். அலுமினிய டிரேயில் அக்னி. சிவா பொரித்தட்டோடு அக்கா பின்னால் நின்றான். தாலி ஏறியதும் ஸ்ரீநிவாசன் கடிகாரத்தைப் பார்த்து சாஸ்திரிகள் காதில் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"மாமா, என் பார்ட் எப்போ?" என்று சாஸ்திரிகளைக் கேட்டான் சிவா.

"உங்கப்பா சுருக்கச் சொல்லிட்டார். பொரியெல்லாம் மானசீகமா ஆயாச்சு, போய் சாப்பிடு."

 சிவா தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனான். நான் தேடிப் போனபோது வேஷ்டியோடு காரில் உட்கார்ந்து ரேடியோவில் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் இடத்தில் முதல் வருஷத்துப் பையன் ஒருவன் எறிந்துகொண்டிருந்தான்.

ஸ்ரீநிவாசன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "ஃபோட்டோகிராஃபர் கிளம்பறான்! சீக்கிரம் வந்து பொரி போடற மாதிரி நில்லுடா!"

போய் நின்றான். அந்தப் படம்தான் இன்றும் அவர்கள் ஹாலில் பெரிதாக மாட்டியிருக்கிறது. அவன் பந்து எறிகிற படம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை, ஆடியிருந்தால்தானே எடுப்பதற்கு.