காமேஸ்வரி மாமியும் கட்டைவிரல் வைஃபையும்

காமேஸ்வரி மாமிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம் பேசும். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி பேகோபுரத் தெருவில் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தது. அவ்வளவுக்கும் காரணம் கட்டைவிரல் நீளத்தில் ஒரு கறுப்புக் குச்சி. லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகினால் வைஃபை வந்துவிடும் என்று சொல்லி விற்ற சாமான். செருகியாச்சு, பிடுங்கியாச்சு, திரும்பவும் செருகியாச்சு. வைஃபையாவது ஒன்றாவது!

மாமி எம்.ஏ. தமிழ். படித்த படிப்பையெல்லாம் இத்தனை வருஷமாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓசியில் இலக்கணம் சொல்லிக் கொடுத்தே செலவழித்தவள். பெண் கல்யாணமாகிப் பெங்களூர் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அப்போதுதான் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லித் தரும் ஒரு பள்ளிக்கூடம் ஆள் தேடுவது தெரிந்து எழுதிப்போட்டாள். சனிக்கிழமை அஞ்சு மணிக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். போனில் கூடாது, லேப்டாப் திரையில் எழுதிக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் வேலை. மாமி வாழ்க்கையில் முதல் வேலை.

வீட்டுக்காரர் சரவணபவ குருக்களிடம் சொன்னாள். உண்ணாமுலை அம்மன் சன்னதியில் பூஜை செய்கிறவர். மந்திரம் தவிர மற்ற வார்த்தைக்கெல்லாம் அவரிடம் பஞ்சம். மாமி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு "ம்" என்றார். அந்த "ம்"முக்குச் சரி என்று அர்த்தமா, வேண்டாம் என்று அர்த்தமா? எம்.ஏ. படித்தும் மாமிக்கு அது மட்டும் விளங்கவில்லை. ஒரு வாரமாக நெஞ்சில் முள் மாதிரி அதுதான் குத்திக்கொண்டிருந்தது.

லேப்டாப் தம்பி அருணேஷ் போன தீபாவளிக்குத் தள்ளிவிட்ட பழசு. உள்ளே இருந்த வைஃபை செத்துப்போய் மாமாங்கம் ஆச்சு. "விண்டோஸ் இதுல நகராதுக்கா, லினக்ஸ் போட்டிருக்கேன், பறக்கும் பாரு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் பறந்தது அவன்தான். இணைய இணைப்பு மாடியில் குடியிருக்கும் பேங்க் தம்பதியுடையது. பாஸ்வேர்டு மாமிக்கும் தெரியும். ஆனால் அவர்கள் வைஃபை பெட்டியை அணைக்காமலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்ததால் மேலேயிருந்து ஒயர் இழுக்க வழியில்லை. போன் நெட்டை நம்பலாமென்றால் சனிக்கிழமை பௌர்ணமி. கிரிவலத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். அன்றைக்கு டவர் மூச்சு முட்டிப் படுத்துவிடும். ஆக, அந்தக் குச்சிதான் கதி.

வெள்ளிக்கிழமை அருணேஷ் போனிலேயே வைத்தியம் பார்த்தான். கறுப்புத் திரையில் ஏதோ தட்டச் சொன்னான். "என்னென்ன செருகியிருக்குனு லிஸ்ட் வருதா? படிக்கா." மாமி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "ஹாங், அதான்! அதான் குச்சி! அத ஓட்டற சாஃப்ட்வேர், டிரைவர்தான் இல்ல" என்று குதித்தான். அப்புறம் அதை எழுது, இதை அழி, அணைத்துப் போடு என்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் பாடாய்ப் படுத்தினான். கடைசியில்தான் அவனுக்கே உறைத்தது. அவன் "அதான்" என்றது லேப்டாப்போடு பிறந்த கேமராவை. பாவம், அந்தக் கேமராவுக்கு மூணு மணி நேரமாக வைஃபை கத்துக்கொடுத்திருக்கிறார்கள்!

"அப்ப குச்சி லிஸ்ட்லயே வரலைக்கா. சாமான் டப்பா போல. திருப்பிக் குடுத்துடு."

"போடா கட்டைல போறவனே! நாளைக்குக் கிளாஸை எதுல எடுக்கறது, அம்மிக்கல்லுலயா?" என்று மாமி போனை வைத்தாள். பாத்திரம் பேசியது அப்போதுதான்.

சனிக்கிழமை நாலு மணி வாக்கில் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மாமி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திருப்பி அனுப்புவதற்காகக் குச்சியின் மேல் குருக்கள் வைத்திருந்த குங்குமப் பொட்டை ஈரத்துணியால் துடைத்தாள். அப்படியே அதன் உலோக வாயை வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே மஞ்சளாக என்னமோ காய்ந்து ஒட்டியிருந்தது. முகர்ந்தாள். சந்தனம்! சுத்தமான கோயில் சந்தனம்!

"ஏன்னா! இங்க வாங்கோ!"

அன்றைக்குக் காலையோடு முறை முடிந்து வந்திருந்த குருக்கள், பஞ்சாங்கத்தை வைத்துவிட்டு வந்தார்.

"இதோட வாய்க்குள்ள சந்தனம் வெச்சேளா?"

"புதுசா ஒரு வஸ்து வந்தா அம்மன் பாதத்துல வெச்சுப் பொட்டு வெக்கறதில்லையா? கார் சாவிக்கு, லாரி சாவிக்கு எல்லாத்துக்கும்தான் வெக்கறேன்."

"சாவிக்கு வெப்பேள்! இதுக்குள்ள கரண்ட் போணுமே! வாய அடைச்சுட்டா எங்கேர்ந்து வேல செய்யும்? ரெண்டு நாளா நான் பட்ட பாடு எனக்குன்னா தெரியும்! நான் வேலைக்குப் போகக் கூடாதுனா வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

குருக்கள் முகம் சுண்டிப்போனது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். மாமிக்கு உடனே மனசு கேட்கவில்லை. ச்சே, கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் கத்திட்டோம் என்று இருந்தது. ஆனால் கடிகாரம் நாலரையைத் தாண்டிக்கொண்டிருந்தது. சமாதானத்துக்கெல்லாம் நேரமில்லை.

பல்குச்சியால் பூப்போலச் சுரண்டினாள். பஞ்சால் துடைத்தாள். ஊதினாள். செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது! ஆனால் வைஃபை வரவில்லை. அதற்குப் பதில் திரையில் ஒரு சி.டி. படம் முளைத்தது. அடக் கஷ்டமே என்று அருணேஷைக் கூப்பிட்டாள். பௌர்ணமி டவரில் அவன் குரல் விட்டு விட்டு வந்தது.

"சி.டி.யா? சூப்பர்க்கா! விண்டோஸ்காரங்களுக்கான சாஃப்ட்வேரை அதுக்குள்ளயே வெச்சிருக்காங்க. அதனால 'நான் சி.டி.'னு வேஷம் போடுது. அந்தப் படத்து மேல ரைட் கிளிக் பண்ணி, எஜெக்ட் குடு. வேஷத்தக் கலைச்சுடும்."

கொடுத்தாள். சி.டி. மறைந்தது. விளக்கு படபடவென்று மின்னியது. மேல்மூலையில் தெருவில் இருக்கிற வைஃபை பெயரெல்லாம் வரிசையாக வந்து நின்றன. மாடி வீட்டுப் பெயரைத் தட்டிப் பாஸ்வேர்டு போட்டதும் மாமி "அம்மா தாயே!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

அஞ்சு மணிக்கு ஒரு சின்னப் பெண் திரையில் வந்தாள், முன்பல் விழுந்தவள். பள்ளிக்கூடத்து மேற்பார்வை அம்மா ஒரு மூலையில் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி 'ழ' சொல்லிக் கொடுத்தாள். பல் இல்லாமலேயே குழந்தை அதை அழகாகச் சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தது. கடைசியில் மேற்பார்வை அம்மா, "ரொம்ப நல்லா இருந்ததுங்க. எங்களுக்குச் சம்மதம். திங்கக்கிழமையிலேர்ந்து வர முடியுமா?" என்று கேட்டார்.

மாமி சந்தோஷத்தில் தலையாட்டப் போனாள். கூடவே அந்தப் பாழாய்ப்போன "ம்" நினைவுக்கு வந்தது. "வீட்ல கேட்டு..." என்று ஆரம்பித்தாள்.

அப்போது வாசலில் கிரிவலத்துக்கு வந்த உறவுக்காரக் கூட்டம் ஒன்று, "மாமி! மாமி இருக்கேளா?" என்று சத்தம் போட்டது. குருக்கள் குரல் அதை அடக்கியது. இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி மாமி கேட்டதில்லை.

"ஷ்ஷ்! சத்தம் போடாதீங்கோ. உள்ள டீச்சர் பாடம் நடத்திண்டிருக்கா. இந்த வேல கிடைக்கணும்னு ஒரு வாரமா அவ பேருக்குத்தான் அர்ச்சனை பண்ணிண்டிருக்கேன். கெடுத்துடாதீங்கோ. இப்படி ஓரமா உக்காருங்கோ, காப்பி நான் போட்டுத் தரேன்."

மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னங்க, வீட்ல கேக்கணுமா?" என்றார் திரையிலிருந்த அம்மா.

"கேட்டாச்சுங்க. திங்கக்கிழமை வந்துடறேன்."