சுவரைப் பார்த்து நின்ற குடும்பம்

கனடாவில், பெரியப்பாவின் புதுப் பிக்கரிங் வீட்டுக் குடிபூரலுக்கு இரண்டு நாள் முன்னர் நடந்த பேச்சு நிரூபாவுக்கு வரிசை பிசகாமல் நினைவிருக்கிறது.

"இஞ்சேருங்கோ, உந்த அம்மணக் கூட்டத்தை எங்கை வைக்கப்போறியள்?" என்று பெரியம்மா புனிதவதிதான் தொடங்கினார்.

"ஹோலுக்கை. கதவைத் திறந்த உடனை தெரியவேணும்," என்றார் பெரியப்பா பாக்கியராசா.

"ஐயர் வருவார்."

"வரட்டும். உது பிரான்ஸ் மாபிள் சிலை. நூறு வருசத்துக்கு முந்தினது. தகப்பன், தாய், பிள்ளை. 'குடும்பம்' எண்டுதான் பேர். உமக்கு விளங்காது."

"விளங்குது. தாய்க்கு மேலே துணியில்லை எண்டதும் விளங்குது."

"அது கலை!"

"அப்ப கலைக்கு ஒரு சால்வை போடுங்கோ."

பெரியப்பா நிரூபாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ படிச்சனி. சொல்லு, எப்பிடி?"

"வடிவாயிருக்கு பெரியப்பா," என்றாள்.

பொய்யில்லை. இடுப்பளவு உயரத்தில் அந்த மூவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருந்த விதம் வடிவாகத்தான் இருந்தது. ஆனால் முந்தி இருந்த ரூஜ் வீட்டில் அதே மாதிரியான இடத்தில், கதவைத் திறந்ததும் கண்ணில் படும்படி, மகள் தேனுகாவின் படம் தொங்கியது. புது வீட்டுக்கு அந்தப் படம் வரவில்லை.

பாக்கியராசாவின் கதையை யாரும் தேடி அலையவேண்டியதில்லை. எந்தக் கொண்டாட்டத்திலும் அவரே சொல்லுவார். எண்பத்தெட்டில் வந்து சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியது, பிறம்ரன் வெயர்ஹவுசில் ஃபோர்க்லிஃப்ட் ஓடியது, சுப்பவைசர் ஆனது, பிறகு வீடு, அதைவிடப் பெரிய வீடு. தேனுகாவை மட்டும் சொல்லமாட்டார். ஃபாமசிப் படிப்பைப் பாதியில் விட்டு, பழைய கற்சிலைகளைப் பழுதுபார்க்கப் படிக்கப் போன ஒரே பிள்ளை. "கல்லுத் துடைக்கவோ உன்னை வளர்த்தனான்?" என்று ஒரு பிறந்தநாள் மண்டபத்தில், சனத்துக்கு முன்னால், மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். அவள் அன்றைக்கே போய்விட்டாள். மூன்று வருடமாக, அவள்தான் முதலில் வந்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இவர் காத்திருந்தார். பெரியம்மா குளியலறைக்குள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மகளோடு ஃபோனில் கதைப்பார்.

அப்படிப்பட்ட மனிதர்தான், செத்துப்போன யாரோ ஒரு வெள்ளைக்காரரின் வீட்டுச் சாமான் ஏலத்தில் ஒரு கல்லை எடுத்துவந்து நடு ஹோலில் நிறுத்தினார். கல்லைப் பற்றி ஆருக்குத் தெரியும் என்று ஊருக்குக் காட்டவேண்டாமா?

குடிபூரலன்று தாய்க்குப் பட்டுச் சால்வை போர்த்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஐயர் முகத்தைச் சுழிக்கிறாரோ என்ற பயத்தில், பெரியப்பா ஓடிப்போய்ச் சந்தனத்தைக் குழைத்து அவளுக்குப் பொட்டு வைத்தார். அதன்மேல் குங்குமம். "இப்ப பாருங்கோ, மகாலட்சுமி!" சனம் படம் எடுத்தது.

மூன்றாம் நாள் துடைத்தபோது சிவப்பு கல்லுக்குள் இறங்கியிருந்தது. சவர்க்காரத்துக்கு அசையவில்லை. குத்துவிளக்கைப் பழப்புளி போட்டுத்தானே மினுக்குகிறோம் என்று அவருக்கு மூளை வேலை செய்தது. ஒரு உருண்டை புளியை எடுத்து அரைமணி நேரம் தேய்த்தார். பித்தளை புளிக்கு மினுங்கும். மாபிளைப் புளி தின்னும். நெற்றி, மூக்கு, கன்னமெல்லாம் மங்கிச் சொரசொரத்து, நனைந்த சீனிக்கட்டி மாதிரி ஆகிவிட்டது. சிவப்பும் போகவில்லை, மண்நிறமாகப் படர்ந்தது. பக்கத்தில் தகப்பனின் முகம் ஒரு கீறலும் இல்லாமல் பளபளத்தது.

நாலு பேரைப் பிடித்துச் சிலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். வந்தவர்களிடம், "பிரான்சிலை உப்பிடித்தான். முதுகுப் பக்கம்தான் விசேஷம்," என்றார். சிலர் தலையாட்டி முதுகையும் படம் எடுத்தார்கள். நிரூபா சிரிப்பை அடக்கத் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினிக்குள் போகவேண்டியிருந்தது.

இரண்டு கிழமை கழித்து அவளைக் கராஜுக்குள் கூப்பிட்டார். பனிக்கால டயர்களுக்குப் பக்கத்தில், அவள் முகத்தைப் பாராமல் நின்றார். மைக் இல்லாதபோது அவருடைய குரல் எவ்வளவு சின்னது என்று அன்றுதான் தெரிந்தது.

"பிள்ளை, நீ தேனுகாவோடை கதைக்கிறனிதானே. ஒருக்கா வந்து உந்தத் தாயின்ரை முகத்தைப் பாக்கச் சொல்லு. நான் கேட்டனெண்டு சொல்லாதை, பெரியம்மா கேட்டவ எண்டு சொல்லு. கல்லைப் பாக்கத்தான், வேறை ஒண்டுமில்லை." டயர் ஒன்றைக் காலால் தள்ளிப் பார்த்தார். "வரேக்கை சாப்பிட்டிட்டு வரவேண்டாம் எண்டும் சொல்லு."