பஸ்ஸை நிறுத்திய புகை

2009இல், லண்டனில் டூட்டிங் போகும் பஸ்ஸின் மேல்தட்டில் என் அருகில் இருந்தவர், மின்சார சிகரெட்டின் முனையைக் கழற்றி, உள்ளே இருந்த பஞ்சை ஊசியால் இழுத்தெடுத்தார். பிறகு, கழுவிக் காயவைத்த டீபேக் தாளைச் சுருட்டித் திணித்து, அதில் சிகரெட் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்.

“ஏன் அண்ணை, பஞ்சு சரிவராதோ?” என்றேன்.

“கருகின மணம், தம்பி. புகையும் காணாது. வீட்டில மனுசிக்காக உண்மைச் சிகரெட்டை விட்டனான். இதாவது ருசியா இருக்க வேண்டாமே?”

ஆழமாக இழுத்து ஊதினார். மேல்தட்டே வெள்ளையாகிவிட்டது. யாரோ ‘நெருப்பு’ என்று கத்த, சாரதி எல்லோரையும் இறக்கிவிட்டார்.

மழையில் நின்றபடி எல்லோரும் அவரைத் திட்டினார்கள். அவரோ என் காதில், “பாத்தீரே? பஞ்சை வைச்சு ஒரு பஸ்ஸை நிப்பாட்ட ஏலுமே?” என்றார்.

அவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக நின்ற ஒருவரை நான் பிறகு கண்டதில்லை.