‘மறந்துபோனீரோ’ என்ற ஒரு வரி

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். டெக்சாஸில் ரிச்சர்ட்சனில் இருக்கிறோம். ஒரு அமெரிக்கச் சபையின் ஹாலை ஞாயிறு மதியம் மட்டும் வாடகைக்கு எடுத்து எங்கள் தமிழ் ஆராதனை நடக்கும். நூறு பேர் வருவோம். பாடகர் குழுவில் எட்டுப் பேர். நான் கீபோர்டு.

குழுவில் இருப்பவர்கள் யூடியூபில் கேட்ட புதுப் பாட்டுகளை ஆசையாகக் கொண்டுவருவார்கள். ட்யூன் அருமையாக இருக்கும். வார்த்தையைக் கவனித்தால் சில இடங்களில் தூக்கிவாரிப்போடும். ஒரு பாட்டில் மனிதனையே கடவுளுக்குச் சமமாக உட்கார வைத்திருந்தார்கள்! அதைக் கேட்ட பிறகுதான் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "பிரதர், இனிமே எந்தப் பாட்டா இருந்தாலும் பைபிளோட ஒத்துப் பார்த்துட்டுப் பாடுவோம். அந்தப் பொறுப்பை நீங்க எடுத்துக்கங்க" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபீசிலும் எனக்கு சாப்ட்வேர் டெஸ்டிங்தான் வேலை. மற்றவர்கள் எழுதியதில் தப்பு கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். உடனே ஒரு எக்செல் ஷீட் போட்டேன். பாட்டின் வரி ஒரு பக்கம், அதற்கான வசனம் ஒரு பக்கம், கடைசியில் ஓகே அல்லது நோ. நோ என்றால் அந்தக் கட்டம் சிவப்பாகிவிடும். சிவப்பு அடிக்கும்போது உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்ததை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் குழுவிலேயே நன்றாகப் பாடுகிறவள் நாகர்கோவில் பக்கத்துப் பெண். எனக்குத் தங்கை மாதிரி. அந்த வருடம் அவளுக்கு ஆறரை மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. உள்ளங்கை அளவு பெண் குழந்தை. டாலஸில் ஒரு ஆஸ்பத்திரியில் எழுபது நாளுக்கு மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சபையே ஜெபம் பண்ணியது. முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தோம். குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டில் பிராக்டிஸ். குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "அண்ணா, நானே ஒரு பாட்டு எழுதியிருக்கேன், பாடிக் காட்டட்டுமா?" என்றாள். போனைப் பார்த்து மெதுவாகப் பாடினாள்.

கண்ணாடிக்கு உள்ளே என் கண்மணி, வெளியே காத்திருக்கிறேன் ஐயா, என்னை மறந்துபோனீரோ என்று வந்தது. மூன்று சரணம். மூன்றிலும் அதே கேள்விதான். முடிக்கும்போதும் அதே கேள்வி.

பாடி முடித்ததும் நான்தான் முதலில் பேசினேன்.

"ட்யூன் நல்லா இருக்கும்மா. ஆனா அந்த வரி வராது. கடவுள் மறக்க மாட்டாரு. தாய் தன் பிள்ளையை மறந்தாலும் நான் உன்னை மறக்க மாட்டேன்னு பைபிள்ல ஏசாயா புத்தகத்துல இருக்கே?"

அவள் குழந்தையின் தலையைத் தடவியபடி நின்றாள்.

"அதோட, பாப்பாதான் நல்லபடியா வந்துட்டாளே. நன்றிப் பாட்டா மாத்தி எழுதேன். ஜெயத்துல முடியணும்ல?"

"அந்த எழுபது நாளும் நடந்ததுதானே அண்ணா" என்றாள். அவ்வளவுதான். வாதாடவில்லை. "சரி அண்ணா" என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் கீபோர்டில் அடுத்த பாட்டை வாசிக்க ஆரம்பித்தேன்.

மறு சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஆராதனைக்கு மட்டும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். ஒரு பாட்டை வேண்டாம் என்றதற்கு இவ்வளவு கோபமா என்றுதான் நினைத்தேன். என் மனைவி, "ஏங்க, அந்த வரியை ஏன் எழுதினேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். வசனம் தெளிவாக இருக்கும்போது கேட்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு, பைபிளில் உள்ள சங்கீதப் பாட்டு ஒன்றை வாசிக்கிற முறை என்னுடையது. எங்கள் சபையில் ஒரு வசனத்தை முன்னால் நிற்பவர் வாசிப்பார், அடுத்ததைச் சபை வாசிக்கும். அன்றைக்குப் பதின்மூன்றாம் சங்கீதம். ஆறே வசனம். சின்னதுதானே என்று முன்கூட்டிப் பார்க்காமல் மைக்குக்குப் போய் நின்றேன்.

முதல் வசனம் என்னுடையது. ஆண்டவரே, இன்னும் எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று தாவீது ராஜா கேட்கிற வசனம். வாய் வாசித்துக்கொண்டே போகிறது. ‘மறந்திருப்பீர்’ என்ற இடத்தில் எனக்குக் குரல் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கடைசி வரிசையில் அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தலைகுனிந்து பைபிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் உடம்பு சரியில்லாமல் நிற்கிறேன் என்று நினைத்து பாஸ்டர் எழுந்துவிட்டார். எப்படியோ அந்த வசனத்தை முடித்தேன். உடனே நூறு பேரும் சேர்ந்து அடுத்த வசனத்தை வாசித்தார்கள். அதுவும் எதுவரைக்கும் என்ற அதே கேள்விதான். எத்தனையோ வருடமாக எனக்குத் தெரிந்த சங்கீதம். ஆனாலும் அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது.

ஆராதனை முடிந்ததும் பார்க்கிங்குக்கு ஓடினேன். ஜூலை வெயில். அவள் குழந்தையை கார் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவர் ஏசி போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"தப்பு பண்ணிட்டேன்மா. நீ எழுதினது பைபிள்லயே இருக்கு. மன்னிச்சுக்கோ" என்றேன்.

அவள் சிரித்தாள். "எனக்குத் தெரியும் அண்ணா. ஆஸ்பத்திரில அந்த சங்கீதத்தைத்தான் தினமும் படிச்சேன். அதுலேர்ந்துதான் பாட்டே வந்துச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

பெல்ட்டைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பாப்பாவுக்கு இன்ஃபெக்‌ஷன் ஆன வாரம் நாங்க ஆராதனையை போன்ல லைவ்ல பார்த்தோம். அன்னைக்கு நீங்க எல்லாரும் ஒரு பாட்டுப் பாடினீங்க. விசுவாசிக்கிற வீட்டிலே கண்ணீருக்கு இடமில்லைன்னு. நான் அழுதுட்டு உக்காந்திருந்தேன். அப்போ எனக்கு விசுவாசம் இல்லையா அண்ணா? போனை ஆஃப் பண்ணிட்டேன். அந்தப் பாட்டையும் நீங்கதானே செக் பண்ணீங்க? அதான், உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

வெயிலில் அப்படியே நின்றேன். "உள்ள வாங்க அண்ணா, ஏன் வெளிய நிக்கறீங்க" என்றார் அவள் கணவர். கார் கதவைத் திறந்தும்விட்டார். உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. பரவாயில்லை என்று சொல்லி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஷீட்டைத் திறந்தேன். ‘கண்ணீருக்கு இடமில்லை’ என்ற அந்த வரி இருந்தது. பக்கத்தில் நான் எந்த வசனமும் எழுதவில்லை. ஓகே என்று மட்டும் போட்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், சந்தோஷமான வரிகள் எதையுமே நான் சோதிக்கவில்லை. சந்தோஷமாக இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டிருக்கிறேன். அந்த வரி மட்டும் சோதனையில் நின்றிருக்குமா? லாசரு இறந்தபோது அவன் சகோதரி மார்த்தாள், நான் உம்மை விசுவாசிக்கிறேன் என்று வாயால் சொன்ன கொஞ்ச நேரத்திலேயே, அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து இயேசுவே அழுதாரே!

ஏசாயாவையும் எடுத்தேன். அவளிடம் நான் அடித்துச் சொன்ன வசனத்துக்கு முந்தின வசனத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. ஆண்டவர் என்னை மறந்துவிட்டார் என்று சீயோன் நகரம் ஒரு பெண்ணைப்போல அழுகிறது. அந்த அழுகைக்குக் கடவுள் சொன்ன பதில்தான் நான் சொன்ன வசனம். அழுதவளை அவர் அதட்டவில்லை. நான் பதிலை மட்டும் மனப்பாடம் செய்துவைத்து, ஒரு தாயின் வாயை அடைக்க அதை எடுத்திருக்கிறேன். அதுவும் தாய் தன் பிள்ளையை மறந்தாலும் என்கிற வசனத்தை, எழுபது நாள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளிடம்.

அந்த வாரமே பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ‘கண்ணீருக்கு இடமில்லை’ பாட்டை நிறுத்தினோம். "எல்லா சர்ச்சுலயும் பாடுறாங்களே" என்று குழுவில் ஒருவர் வருத்தப்பட்டார். காரணத்தைச் சொன்னதும் அவரே ஒத்துக்கொண்டார்.

அடுத்த பிராக்டிஸை அவள் வீட்டிலேயே வைத்தோம். "நான் வேணா செக் பண்றதை விட்டுடட்டுமா?" என்று கேட்டேன்.

"ஐயோ, விடாதீங்க அண்ணா. கண்டிப்பா செக் பண்ணணும். யாராவது ஒழுங்கா பண்ணியிருந்தா அன்னைக்கு நான் போனை ஆஃப் பண்ணியிருக்க மாட்டேன்ல? என்ன, முழு அதிகாரத்தையும் படிச்சுட்டு செக் பண்ணுங்க" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு அவள் பாட்டைப் பாடினோம். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. ஹாலில் அங்கங்கே மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அவள் குழந்தை மட்டும் ஏதோ கத்திக்கொண்டிருந்தது. வெளியே வரும்போது, அதுவரை எங்களோடு அதிகம் ஒட்டாத ஒரு கணவன் மனைவி என்னிடம் வந்து, "அந்தப் பாட்டு வரிகளை வாட்ஸ்அப் பண்ண முடியுமா?" என்று கேட்டார்கள். என்ன கஷ்டம் என்று நான் கேட்கவில்லை. அங்கேயே நின்று அனுப்பினேன். அடுத்த வாரம் இரண்டு பேரும் முன் வரிசையில் உட்கார்ந்து பாடினார்கள்.

இன்றும் பாட்டுகளைச் சோதிக்கிறேன். தப்பான வரியை இன்றும் நிறுத்துகிறேன். ஆனால் இப்போது ஒரு வரி கண்ணை உறுத்தினால், முதலில் பைபிளில் முன்னும் பின்னும் படிக்கிறேன். அப்புறம் எழுதினவரைக் கூப்பிட்டு, "இது எங்கிருந்து வந்துச்சு, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் உட்கார்ந்து கேட்கிறேன்.