மிச்சத் தோல்

நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டும்படி திருப்பிவிட்டுத்தான் கத்தரிக்கோலைக் கையில் எடுப்பார். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் முணுமுணுத்தால் பதில் தயாராக இருக்கும்: "முடிஞ்சப்புறம் பாருங்க. பாதியில பாத்தா யாருக்கும் தன் தலை பிடிக்காது." தெருமுனை அழகு நிலையத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அக்காதான். வேலை சுத்தம். அதனால் தலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகிவிட்டோம்.

உச்சி வெயிலிலும் முழுக்கைச் சட்டை. கையைத் தூக்கினால் முழங்கைக்கு மேலே தோல் தொங்கி ஆடும், சாமான்களை எடுத்துவிட்ட துணிப்பை மாதிரி. நாற்காலியைத் திருப்பாவிட்டால், துணிக்குள் இருந்தாலும் அது ஆடுவதைக் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். முடி வெட்டுகிறவருக்குக் கையைத் தூக்காமல் பிழைப்பு ஏது?

ஒரு காலத்தில் நல்ல பருமன். "கதவுதான் சின்னது, நான் சரியாத்தான் இருக்கேன்" என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வார். அப்போதுதான் தம்பிக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. அக்கா ஒரு பங்கு தரலாம், ஆனால் அவருடைய கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, உடம்பு இளைத்தால்தான் எடுக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். அன்றே வாயைக் கட்டினார். வேலைக்கு முன்னும் நடந்தார், வேலை முடிந்தும் நடந்தார். எனக்காக இளைக்கிறாயா, இல்லை மாப்பிள்ளை பார்க்கிறாயா என்று தம்பி போனில் வம்பு இழுப்பானாம். ஆள் பாதியானார். இனி எடுக்கலாம் என்று மருத்துவர்கள் தலையாட்டிய வாரத்திலேயே, ஏதோ தொற்று வந்து தம்பி போய்விட்டான். இதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

விவரம் தெரியாதவர்கள் அவரை வாயாரப் பாராட்டினார்கள். அப்படி என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் தலையைக் குனியச் சொல்லி, பின்கழுத்து முடியைக் கத்தரிக்க ஆரம்பித்துவிடுவார்.

தொங்கும் தோலை எடுக்க அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்லி நச்சரித்தது தம்பி மனைவிதான். "எத்தன நாளைக்கு அண்ணி இதச் சுமப்பீங்க?" புருஷனைப் பறிகொடுத்தவள் கேட்கும்போது என்ன சொல்வது? நாள் குறித்துவிட்டு இரண்டு முறை போகாமல் இருந்தார். அடுத்த முறை துணைக்கு, பல வருடமாக அவரிடமே முடி வெட்டிக்கொள்ளும் என்னை அழைத்துக்கொண்டு போனார்.

மருத்துவர் இளவயதுக்காரர், பொறுமைசாலி. தொங்கும் தோலை விரல்களால் பிடித்து, எதை வெட்டி எடுப்பார், அக்குளிலிருந்து முழங்கை வரை தழும்பு எங்கே நிற்கும் என்று ஊதா மையால் கோடு போட்டுக் காட்டினார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். வலியைப் பற்றிக் கேட்பார், வேலைக்கு எப்போது திரும்பலாம் என்று கேட்பார் என நினைத்தேன்.

"இவ்ளோ இளைச்சது என் தம்பிக்காக டாக்டர்," என்றார் அக்கா. "இதையும் வெட்டிட்டா, அவனுக்குக் குடுக்க நான் தயாரா இருந்தேங்கறதுக்கு வேற என்ன இருக்கு?"

மருத்துவர் பேனாவை மூடினார். கோட்டைத் துடைத்துக்கொள்ள நர்ஸ் ஈரப் பஞ்சை நீட்டினார். அக்கா அதை வாங்கவில்லை. சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். பிறகு கோடு இருந்த இடத்தைத் துணிக்கு மேலாகவே மற்றக் கையால் பொத்திக்கொண்டார்.