பதில் சொல்லாத சாவி

ஹேமாவதியின் விரல்நகம் கார்ச் சாவியின் இடுக்கில் நுழைந்து நெம்பியது. மூடி திறந்ததும் பழைய பட்டன் பேட்டரி வெளியே வந்தது. புதியது உள்ளே போனது. காரின் சொந்தக்காரர் பரந்தாமன் சாவியை வாங்கி, பூஜையில் வைத்து எடுத்த மஞ்சள் பைக்குள் மறுபடியும் போட்டுக்கொண்டார். பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினார். சாவி இல்லை என்றது திரை.

"பாத்தியா? இது கம்ப்யூட்டர் வண்டி. நீ டைனமோ கட்டிகினு இருந்தவ" என்று சிரித்தார் எல்லப்பன்.

ஹேமாவதி நிமிரவில்லை. எல்லப்பன் அவள் கணவனின் அண்ணன். கணவன் இறந்த பிறகு அரக்கோணம் ரோட்டு எலக்ட்ரிக்கல் கடையை அவள்தான் நடத்துகிறாள். அதைப் பூக்கடைக்கு வாடகைக்கு விட்டுவிட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். திருத்தணி மலைமேல் புது வண்டி நின்றுபோனதாக ஆள் வந்து கூப்பிட்டதும் அவரும் கூடவே ஏறி வந்துவிட்டார்.

"இத நீ கெளப்பிட்டா கடையப் பத்தி வாயே தொறக்கமாட்டேன். இல்லன்னா கடச் சாவிய என்கிட்ட குடுத்துடு" என்று வந்ததுமே சவால் விட்டிருந்தார்.

"ஆங், சரி பாவா" என்றிருந்தாள் எல்லோர் முன்னாலும்.

பழைய இரும்புக் கடையில் வாங்கிய கார் ஸ்டார்ட் பட்டன் பெட்டியைப் பலகையில் பரப்பி, ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்த்துக் கற்றவள் அவள். பட்டனை அழுத்தினால் வண்டி சாவியைக் கூப்பிடும். சாவி தன் ரகசிய எண்ணைச் சொல்லும். எண் பொருந்தினால்தான் ஸ்டியரிங் பூட்டு விடும், ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகும். பேட்டரி செத்திருந்தாலும் சாவியைப் பட்டன்மேல் ஒட்டி வைத்தால் வேலை நடந்துவிடும். சாவியைப் பையோடு பட்டன்மேல் ஒட்டி வைத்துப் பார்த்தாள். நடக்கவில்லை. அப்படியானால் நடுவில் ஏதோ மறிக்கிறது.

பையை விரலால் அழுத்தினாள். விறைப்பாக இருந்தது.

"உள்ள என்னா வெச்சித் தெச்சிருக்கீங்க சார்?"

"செம்புத் தகடும்மா, ரெண்டு பக்கமும். கண்ணு படாம இருக்க. இன்னிக்கிப் பூஜையிலதான் சாவிய உள்ள போட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பரந்தாமன் வண்டியை விட்டு இறங்கினார்.

"கண்ணு மட்டுமில்ல சார், வண்டி கூப்புட்றதும் உள்ள போவல."

"அதுக்காக? சாமி பாதத்துல வெச்சத எப்டிப் பிரிக்கிறது?"

"உடும்மா. இழுக்குற வண்டி வந்துகினு இருக்கு" என்றார் எல்லப்பன்.

"வரட்டும் பாவா. மலை ஏறுனதுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு சும்மா போவட்டும்."

சாவியை உருவினாள். பையைப் பிரிக்காமல் வண்டிக்குள் இருந்த கண்ணாடிக்குக் கீழே தொங்கவிட்டு, தறிக்காரர்கள் நூலுக்குப் போடும் முடிச்சாக இறுக்கினாள். "தகடு வண்டியக் காக்கட்டும் சார். சாவிய உட்டுடட்டும்."

யாரையும் கேட்காமல் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினாள். இன்ஜின் உறுமியது.



"கடச் சாவி என் இடுப்புலயே இருக்கட்டும் பாவா" என்றபடி இறங்கி, வண்டிச் சாவியைப் பரந்தாமன் உள்ளங்கையில் வைத்தாள்.